பாசியும் பாட்டிலும்

"மாமா, கடல் செத்துப் போச்சு. கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்று என் அக்காள் மகன் டெலிபோனில் சொன்னான். ஆடிப்பூரத் தேரோட்டம் முடிந்த மறுநாள் காலை அது. ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளில் இன்னும் கூட்டம் கலையவில்லை. வேறு யாராவது அந்த வாக்கியத்தைக் கேட்டிருந்தால் பையனுக்குப் புத்தி பேதலித்து விட்டதோ என்று பயந்திருப்பார்கள். எனக்கு விஷயம் தெரியும். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதுகிற அவன், தை மாதத்தில் தன் வீட்டு முன்னறையில் 300 லிட்டர் சமுத்திரம் ஒன்றை ஸ்தாபித்திருந்தான். கண்ணாடித் தொட்டி, உப்பு கலந்த ஜலம், நீல விளக்கு, இரண்டு கோமாளி மீன்கள், நத்தைகள், இறால்கள், சட்டத்துக்கு விரோதமில்லாத சில மென்பவளங்கள்.

மேற்கே மலையும் கிழக்கே கரிசலுமாக இருக்கிற ஊர் எங்களுடையது. பஸ் ஏறி மூன்று மணி நேரமாவது உட்கார்ந்தால்தான் கடற்காற்று முகத்தில் படும். அப்படிப்பட்ட ஊரில் கடல் வளர்ப்பது ஒரு பைத்தியக்காரத்தனம் என்று அப்போதே சொன்னேன். ஆனால் ராத்திரி நேரத்தில் அந்த நீல வெளிச்சத்துக்கு முன்னால் அவனுடைய சிறு பெண் கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு அந்த அபிப்பிராயத்தை மீண்டும் நான் சொல்லவில்லை.

அன்று போய்ப் பார்த்தபோது தொட்டியில் ஜலம் மோர் மாதிரி கலங்கியிருந்தது. நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்து மணலில் வாய் திறந்து கிடந்தன. இறால்கள் மல்லாந்திருந்தன. விரித்த குடைபோல இருந்த தோல் பவளம் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டதுபோல் ஒரு மூலையில் குறுகிக் கிடந்தது. ஒரு மீன் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. குழந்தை அடுப்படியில் அழுதுகொண்டிருந்தாள்.

தொட்டியின் பக்கத்தில் ஒரு சிறு பாட்டில். பாசிக்கொல்லி.

"ஒரு மூடி ஊத்தினா மூணு நாள்ல பாசியெல்லாம் போயிடும்னு கடையில சொன்னாங்க மாமா. நான் ரெண்டு மூடி ஊத்தினேன்."

கடையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அந்தக் கடைக்காரர் இல்லாவிட்டால் இன்னொருவர் விற்றிருப்பார். கையிலிருக்கும் டெலிபோனில் படம் காட்டி உபதேசம் செய்கிற ஆயிரம் பேரில் ஒருவர் சிபாரிசு செய்திருப்பார். என் சண்டை கடைக்காரரோடு அல்ல, அந்தப் பாட்டிலோடு. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தப் பாட்டிலை வாங்க வைக்கிற மனத்தோடு. அந்த மனம் என் மருமகனுக்கு மட்டும் சொந்தமானதல்ல. உங்களுக்கும் உண்டு, எனக்கும் உண்டு என்பதைப் பின்னால் ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

முதலில் பாட்டிலுக்குள் என்ன இருந்தது என்பதைப் பார்ப்போம். லேபிளில் பொடி எழுத்தில் போட்டிருந்தது: தாமிர உப்பு. நம் விவசாயிகளுக்கு மயில்துத்தம் என்றால் தெரியும். கொடிகளில் பூஞ்சை விழுந்தால் சுண்ணாம்போடு கலந்து தெளிப்பார்கள். தாமிரம் பாசியைக் கொல்லும் என்பது வாஸ்தவந்தான். அதைவிடச் சுலபமாக நத்தையைக் கொல்லும், இறாலைக் கொல்லும், பவளத்தைக் கொல்லும். முதுகெலும்பு இல்லாத கடல் ஜீவன்களுக்குத் தாமிரத்தைப்போல் விஷம் சிலவே உண்டு. வீட்டில் எலி வந்தது என்று சோற்றுப் பானையில் பாஷாணம் கலக்கிற காரியம் இது.

அதோடு முடியவில்லை. இரண்டே நாளில் அவ்வளவு பாசியும் ஒரே சமயத்தில் செத்தால் அந்தப் பிணம் எங்கே போகும்? தொட்டிக்குள்ளேயே அழுகும். அழுகலைத் தின்னப் பெருகுகிற கிருமிகள் ஜலத்திலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும். அந்த மீன் மேலே வந்து வாயைத் திறந்தது அதனால்தான். மேலும், பாசி தன் உடம்பில் சேர்த்து வைத்திருந்த சத்தெல்லாம் அழுகலோடு மறுபடி ஜலத்திலேயே கரைந்துவிடுகிறது. அடுத்த பாசிக்கு அது விருந்து. ஆகவே, பாட்டில் வேலை செய்தாலும் நஷ்டம், செய்யாவிட்டாலும் நஷ்டம்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னபோது என் மருமகன் நம்பவில்லை. பவளத்துக்கு நிறமும் சோறும் கொடுப்பதே பாசிதான்!

பவளம் என்பது பூவுமல்ல, கல்லுமல்ல, பிராணி. அதன் சதைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் லட்சக்கணக்கில் குடியிருக்கின்றன. அவை வெயிலை வாங்கிச் சமைத்து, சமைத்ததில் பெரும் பங்கை வீட்டுக்காரனுக்குக் கொடுக்கின்றன. சில பவளங்களுக்கு வேண்டிய சக்தியில் 90 சதவீதம் வரை இந்தச் சமையற்காரனிடமிருந்தே கிடைக்கிறது. வீட்டுக்காரன் பதிலுக்கு இடமும் தன் கழிவையும் கொடுக்கிறான். கடல் ஜலம் வழக்கத்தை மீறிச் சூடானால் இந்த உறவு முறிந்து, பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் பட்டினியில் சாகும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பெரிய அளவில் நேர்ந்தது இதுதான். வெயில் படும் கடலில் பாசி இல்லாத பவளப் பாறை என்பது கிடையாது. "பாசியே கூடாது" என்று பாட்டிலைக் கவிழ்க்கிறவன் தன் வீட்டுச் சமையற்காரனையும் சேர்த்துத்தான் கொல்கிறான்.

அப்படியானால் கண்ணாடியிலும் பாறையிலும் பச்சைத் தலைமயிர் மாதிரி வளர்ந்து பவளத்தை மூடுகிற பாசி எது என்று கேட்பீர்கள். அது வேறு ஜாதி என்பது உண்மை. ஆனால் அது நோயல்ல. அது ஒரு கணக்குச் சீட்டு. தொட்டிக்குள் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று பச்சை மசியில் எழுதிக் காட்டுகிற சீட்டு. நூற்பாலைக் கணக்கில் ஒரு காசு உதைத்தால் ராத்தூக்கம் கொள்ளாத என் மருமகன், இந்தக் கணக்கை ஒரு நாளும் எடுத்துப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் உட்கார்ந்து எடுத்தோம்.

முதல் வரவு, தண்ணீர். அவன் ஊரின் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றவில்லை. அதை ஊற்றினால் பாத்திரத்தில் உப்புப் படியும் என்பது அவனுக்கும் தெரியும். சமையலறையில் உள்ள ஆர்.ஓ. மெஷின் தண்ணீரைத்தான் ஊற்றினான். "சுத்தமான தண்ணி மாமா" என்றான். மீட்டரை வைத்துப் பார்த்தோம்: லிட்டருக்கு 85 மில்லிகிராம் கரைசல். குடிக்கிற மெஷின்களில் பலவற்றில் ருசிக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரையே திரும்பக் கலந்து விடுகிற திருகு ஒன்று உண்டு. மனிதன் குடிக்க அது நல்லதுதான். தொட்டிக்கு வேண்டியது கிட்டத்தட்டப் பூஜ்யம். ஏன் தெரியுமா? திறந்த தொட்டியில் ஜலம் ஆவியாகிறது. உப்பும் கசடும் ஆவியாவதில்லை. எங்கள் ஊர் வெயிலுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் ஆவியாயிற்று. 3 லிட்டர் ஊற்றினான். தையிலிருந்து ஆடி வரை 180 நாள், 540 லிட்டர். பெருக்கிப் பார்த்தான்: ஏறக்குறைய 46 கிராம் கசடு உள்ளே போயிருக்கிறது, தானாக வெளியே வர வழியில்லை. அதில் பெரும்பங்கு சுண்ணாம்புச் சத்துத்தான். ஆனால் கூடவே நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சிலிகேட்டும் வந்திருக்கும். முதல் மாதத்தில் மணல்மேல் பழுப்புத் தூளாகப் படிந்த பாசி சிலிகேட்டைத் தின்கிற வகை. அதுதான் முதல் நோட்டீஸ். அவன் அதைத் துடைத்து எறிந்துவிட்டுத் திருப்தியடைந்தான்.

இரண்டாவது வரவு, தீனி. உறைந்த தீனிக் கட்டியை அப்படியே போட்டான். அது உருகி வடிகிற சாறு முழுக்கப் பாஸ்பேட். காலையில் அவன் ஒரு முறை, மத்தியானம் அவன் மனைவி ஒரு முறை, "பாவம், பசிக்கும்" என்று குழந்தை யாருக்கும் தெரியாமல் நாலு முறை.

மூன்றாவது, வெளிச்சம். அழகுக்காகத் தினம் 12 மணி நேரம்.

செலவு? இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஜலம் மாற்றியிருக்கிறான். அவ்வளவுதான்.

"ஆனா மாமா, பாஸ்பேட் டெஸ்ட் பண்ணிப் பார்த்தேனே! பூஜ்யம்னுதானே வந்தது?" என்று கேட்டான்.

இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறார்கள். சோதனைக் குழாய் ஜலத்தில் மிஞ்சியிருப்பதைத்தான் காட்டும். பாசி தின்றுவிட்டதைக் காட்டாது. கல்யாணப் பந்தியில் இலை காலியாக இருப்பதைப் பார்த்து, "இங்கே சாப்பாடே போடவில்லை" என்று சொல்வது போல இருக்கிறது இது. தொட்டியில் பாசி மண்டியிருக்கும்போது குழாயில் பூஜ்யம் வந்தால், பாசி நன்றாகச் சாப்பிடுகிறது என்று அர்த்தம்.

இனி என் தப்பைச் சொல்ல வேண்டும்.

கணக்கு புரிந்த உற்சாகத்தில் நான் ஒரு கட்சி கட்டினேன்: "வரவை அடியோடு நிறுத்து. பட்டினி போடு." பாஸ்பேட்டை உறிஞ்சுகிற இரும்புக் குருணையை வாங்கச் சொன்னேன், சொன்ன அளவுக்கு இரண்டு பங்கு போடச் சொன்னேன். பாட்டில் வாங்கிய அவனை அவ்வளவு பேசிய நான், வேறொரு டப்பியைத் தூக்கிக் கொடுத்தேன்! ஒரே மாதத்தில் பச்சைப் பாசி குறைந்தது. ஜலம் கண்ணாடி போலாயிற்று. நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

அதற்கடுத்த வாரம் மணல்மேல் பழுப்பு நிறத்தில் சளி மாதிரி ஒன்று இழை இழையாகப் புறப்பட்டது. ஒவ்வொரு இழை நுனியிலும் ஒரு காற்றுக் குமிழி. ராத்திரியில் மறைந்து, விளக்குப் போட்டதும் திரும்பி வந்தது. புதிதாக வாங்கி விட்டிருந்த நத்தைகள் அதைத் தின்று சோர்ந்து விழுந்தன. டைனோப்ளாஜலேட் என்று அதற்குப் பெயர். ஜலத்தில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுத்தமாக இல்லாமல் போகும்போது, அவற்றோடு போட்டி போட்டு இடம் பிடித்திருந்த மற்ற உயிர்களெல்லாம் பட்டினியில் ஒடுங்கிவிடும். அந்தக் காலி மனையில் இது வந்து குடியேறும். அழுக்கில் ஒரு பாசி. அதிசுத்தத்தில் அதைவிடக் கொடிய ஒன்று! ஆல்பிரட் ரெட்பீல்டு என்ற அமெரிக்கர் சொன்னார்: கடலின் நுண்ணுயிர்களில் பாஸ்பரஸ் 1 பங்குக்கு நைட்ரஜன் 16 பங்கு, கரி 106 பங்கு என்று ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று. கடல் வெறுமையானதல்ல, அளவானது. நான் அளவைப் பார்க்காமல் வெறுமையைப் பார்த்தேன்.

குருணையை எடுத்துவிட்டு, வெட்கத்தை விட்டு, தீனியைக் கொஞ்சம் கூட்டினோம். அதற்குள் எவரோ ஒருவர், சிவந்த வழுவழுப்புப் பாசி வராமலிருக்க முன்கூட்டியே போடலாம் என்று இன்னொரு பாட்டில் கொண்டு வந்து கொடுத்தார். அந்தச் சிவப்பு வழுவழுப்பு பாசியே அல்ல, ஒரு வகைப் பாக்டீரியா. அதற்கென்று விற்கிற சில சரக்குகளில் இருப்பது எரித்ரோமைசின். மனிதருக்கு டாக்டர் சீட்டு எழுதித் தருகிற மருந்து. அதை மீன் தொட்டியில் கொட்டி, பிறகு அந்த ஜலத்தைச் சாக்கடையில் விட்டு, ஊர்க் கிருமிகளுக்கெல்லாம் அந்த மருந்தைத் தாங்கும் பழக்கத்தைக் கற்றுக் கொடுக்கிற தர்மத்தை என்னவென்று சொல்வது? வாங்கி, மூடியைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தோம்.

"ஒரு மீன் தொட்டிக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று சில வாசகர்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. 300 லிட்டர் தொட்டியில் நடந்தது பெரிய கடலிலும் நடந்திருக்கிறது என்பதனால்தான் எழுதுகிறேன்.

ஜமைக்கா தீவைச் சுற்றியிருந்த பவளப் பாறைகளில் 1970-களில் ஏறக்குறையப் பாதி இடம் உயிருள்ள பவளம். பாசியை மேய்கிற மீன்களை மனிதர்கள் பல வருஷங்களாகப் பிடித்துத் தீர்த்துவிட்டார்கள். ஆனாலும் பாறை பிழைத்திருந்தது. நீண்ட கறுப்பு முட்களையுடைய கடல் முள்ளெலி ஒன்றே ஒன்று எல்லார் வேலையையும் தானே பார்த்து, பாசியை மேய்ந்துகொண்டிருந்தது. 1980-ல் ஆலன் என்ற சூறாவளி பவளங்களை உடைத்தது. 1983-ல் ஒரு நோய் வந்து அந்த முள்ளெலிகளில் பெரும்பாலானவற்றைக் கொன்றது. பிறகு மேய ஆளில்லை. பத்தே வருஷத்தில் பவளம் நூற்றுக்கு 5-க்கும் கீழே போயிற்று; பாசி பாறையை மூடியது. அங்கே எந்தப் பாட்டிலை எத்தனை மூடி ஊற்றுவீர்கள்?

அவ்வளவு தூரம் போவானேன்? நம் மன்னார் வளைகுடாவையே பாருங்கள். 1986-ல் அங்கே 21 தீவுகளைச் சேர்த்துக் கடல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததில் இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. பவளத்தை எடுப்பதும் விற்பதும் குற்றம் என்று 2001-ல் கல்பவளங்கள் எல்லாவற்றையும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அதே காலத்தில்தான், நல்ல நோக்கத்தோடு, மீனவப் பெண்களுக்கு வருமானம் வரட்டுமென்று, கப்பாபைகஸ் என்ற அயல்நாட்டுக் கடற்பாசியை ராமநாதபுரம் கடலோரத்தில் மிதவை கட்டி வளர்க்க ஆரம்பித்தார்கள். 2008-ல் அது குருசடைத் தீவின் பவளங்கள்மேல் படர்ந்திருப்பதைக் கண்டார்கள். ஒரு துண்டு ஒடிந்து விழுந்தாலும் அது முழுப் பாசியாகிவிடும். வனத் துறையார் ஆட்களை இறக்கிக் கையால் பிடுங்கினார்கள். பிடுங்கிய இடத்தில் மீண்டும் வளர்ந்தது. 2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் பக்கம் நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் பெருகிக் கடலே பச்சையாயிற்று. மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. என் மருமகனின் தொட்டியில் வாயைத் திறந்து மூடிய மீனுக்கு நேர்ந்தது அங்கேயும் நேர்ந்தது: பிராணவாயு இல்லாமை.

எங்கே பார்த்தாலும் கதை ஒன்றே. வரவு பெருகும், மேய்கிறவன் குறைவான், பச்சை எழும்பும். நாம் பச்சையோடு சண்டைக்குப் போவோம். நம் ஊர்க் குளங்களையே எடுத்துக்கொள்ளுங்களேன். சாக்கடையும் உரநீரும் உள்ளே வருகிற வழியை அப்படியே விட்டுவிட்டு, வருஷத்துக்கு ஒரு நாள் ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் போட்டு, அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறோம். அதுவும் ஒரு பாட்டில்தான்.

"இப்படிக் கணக்குப் பார்க்க யாருக்கு நேரமிருக்கிறது?" என்று ஒரு நண்பர் கேட்டார். அவர் எங்கள் ஊர்க்காரர். பால்கோவா வாங்கிப் போக வந்திருந்தார். அவரிடம் சொன்னேன்: "பால் சுண்டுகிற வரைக்கும் கிண்டுகிறவனுக்கு நேரமிருந்ததால்தானே உங்கள் கையில் அந்தப் பொட்டலம் இருக்கிறது? அடுப்பைத் தூக்கி எரித்தால் பால்கோவா வராது, அடிப்பிடிக்கும்." நேரமில்லாதவர்கள் கடல் வளர்க்க வேண்டாம். அதில் ஒரு குறையும் இல்லை. வீட்டில் ஒரு துளசி வையுங்கள். உயிரை வீட்டுக்குள் கொண்டு வந்த பிறகு நேரமில்லை என்று சொல்வதுதான் அக்கிரமம். கடலிலிருந்து திருட்டுத்தனமாகப் பெயர்த்த பவளத்தையும் பாறையையும் "மலிவு" என்று வாங்குவதோ அதனினும் பெரிய அக்கிரமம்.

ஆடியிலிருந்து பங்குனி வரை எங்களுக்கு ஆன வேலை இதுதான்: தொட்டிக்கென்று தனியாக ஒரு சுத்திகரிப்பு மெஷின், மீட்டரில் பூஜ்யம். வாரத்துக்கு ஒரு முறை பத்தில் ஒரு பங்கு ஜலம் மாற்றம். தீனிக் கட்டியை வலையில் போட்டு அலசி, சாற்றைக் கொட்டிவிட்டு, நாளுக்கு ஒரு தடவை. விளக்கு 8 மணி நேரம். நுரை பிரிக்கும் கருவியைத் தவறாமல் கழுவுவது. பச்சை மயிரைக் கையால் பிடுங்கி, பல் துலக்கும் பிரஷ்ஷால் பாறையைத் தேய்த்து, உதிர்ந்ததைக் குழாயால் உறிஞ்சி வெளியே கொட்டுவது. மறுபடி நத்தைகள். தீனி போடுகிற உத்தியோகம் குழந்தைக்கு. தினமும் ஒரு நோட்டில் அவளே எழுத வேண்டும். எழுத ஆரம்பித்ததிலிருந்து திருட்டுத் தீனி நின்றுவிட்டது.

போன வாரம் போயிருந்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். செத்த இறால்கள் செத்தவைதான். தோல் பவளத்தில் பாதி கரைந்து போயிற்று. மிஞ்சிய பாதி ஒரு சிறு குடை அளவுக்கு விரிந்திருக்கிறது. பாறையின் பின்பக்கம் விரற்கடை அளவு பச்சைப் பாசி இருந்தது; நத்தை ஒன்று அதை மேய்ந்துகொண்டிருந்தது.

"அதையும் பிடுங்கிடட்டுமா மாமா?" என்று மருமகன் கேட்டான்.

குழந்தை முந்திக்கொண்டாள்: "வேண்டாம்ப்பா. அப்புறம் நத்தைக்குச் சாப்பாடு?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆறேகால் பஸ்ஸைப் பிடிக்க எழுந்து வந்துவிட்டேன்.